நம் முதியோரின் குளிர்ந்த வீடுகள்: இலண்டன் தமிழ் ஆலய நிர்வாக சபைகளுக்கும் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலய அறங்காவலர்களே, ஊர்ச் சங்க, பழைய மாணவர் சங்க நிர்வாகிகளே, தமிழ்ப் பாடசாலை அதிபர்களே, வணக்கம்.

இங்கிலாந்தில் வருமானம் குறைந்தோரின் வீடுகளுக்குக் கவுன்சில் ஊடாக இலவசமாக இன்சுலேசன், அதாவது வெப்பக்காப்பு, செய்து கொடுக்கும் அரச திட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அதற்கு எல்லா வகையிலும் தகுதியுள்ள நம் முதியோர் பலர், அப்படியொன்று இருப்பதை அறியாமலும், அறிந்தவர்கள் அதை நம்பாமலும், ஒவ்வொரு குளிர்காலத்தையும் ஒற்றை அறைக்குள் ஒடுங்கிக் கழிக்கிறார்கள். அவர்களுடைய கையைப் பிடித்து அந்தத் திட்டத்தின் வாசல் வரை அழைத்துச் செல்லக்கூடிய நம்பிக்கை உங்களுக்கு மட்டுமே இருப்பதால் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன். கிழக்கு இலண்டனில் பல ஆண்டுகளாக வாழும் நான், சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு அழைத்துவரும் அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் கொண்டுவருகிற கடிதங்களை வாசித்துச் சொல்வதையும் படிவங்களை நிரப்பிக் கொடுப்பதையும் வழக்கமாகக் கொண்டவள். இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அந்த மேசையில் கண்டதும் கேட்டதுமாகும்.

சென்ற தை மாதம் ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். எழுபத்தெட்டு வயது, கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள், ஒரு மகன் கனடாவில், மகள் மில்டன் கீன்ஸில். நூறு வயதைத் தாண்டிய செங்கல் வீடு, வரிசை வீடுகளில் ஒன்று. முன் அறையையும் மாடியில் இரண்டு அறைகளையும் பூட்டிவிட்டுச் சமையலறையை ஒட்டிய சின்ன அறையிலேயே படுக்கையும் சாமிப்படமும் தொலைக்காட்சியுமாக அவர் வாழ்கிறார். அந்த அறையில் நான் கொண்டுபோன வெப்பமானி 13 பாகை காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, குளிர்காலத்தில் வீட்டினுள் 18 பாகையேனும் இருக்க வேண்டும் என்கிறது. வேறு எதையோ தேடுவதற்காக அலுமாரியைச் சற்று முன்னே இழுத்தபோது, அதன் பின்னால் இருந்த சுவர் முழங்கால் உயரத்துக்குக் கறுத்துப்போயிருந்ததைக் கண்டோம். அலுமாரியின் அடித்தட்டில் அவருடைய கூறைச்சேலை இருந்த அட்டைப்பெட்டி ஈரமூறி நெகிழ்ந்திருந்தது. சேலையின் சரிகைக் கரை நெடுகிலும் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். அவர் அழவில்லை, சேலையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, நான் விடைபெறும் வரை விரல் நுனியால் அந்தக் கரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மேசை இழுப்பறைக்குள் கவுன்சிலிலிருந்து வந்த இரண்டு கடிதங்கள் இருந்தன. இரண்டும் இந்த இலவசத் திட்டம் பற்றியவை, இரண்டும் ஆங்கிலத்தில். விளம்பரம் என்று நினைத்து வைத்துவிட்டதாகச் சொன்னார். நான் வாசித்து விளக்கிய பிறகும் அவர் முகம் தெளியவில்லை. “சும்மா ஆர் பிள்ளை வீடு திருத்தித் தருவினம்? பிறகு வீட்டை எழுதித் தரச் சொல்லுவினம்” என்றார். இதைப் பாமரத்தனம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. காணி உறுதியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்த ஒருவர் கேட்கும் நியாயமான கேள்வி அது. ஆகவே அந்தக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன்.

இப்போது இங்கிலாந்தில் கவுன்சில்கள் வழங்கும் முக்கியமான உதவியின் பெயர் ‘வார்ம் ஹோம்ஸ்: லோக்கல் கிராண்ட்’ என்பதாகும். 2025 ஏப்ரலில் தொடங்கிய இத்திட்டம் 2028 மார்ச் வரை நடைபெற இருக்கிறது. அரசு இதற்கு 50 கோடிப் பவுண் ஒதுக்கியுள்ளது. சொந்த வீட்டில் இருப்போரும் தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்போரும் விண்ணப்பிக்கலாம். வீட்டின் எரிசக்தித் தரச் சான்றிதழ், ஈ.பீ.சீ. என்று எல்லோரும் சொல்வது, டீ முதல் ஜீ வரையான தரங்களில் ஒன்றாக இருக்க வேண்டும்; ஏ மிகச் சிறந்த தரம், ஜீ மிகத் தாழ்ந்தது. வருமான நிபந்தனைக்கு மூன்று வழிகள் உண்டு: வீட்டாரின் மொத்த ஆண்டு வருமானம் 36,000 பவுணோ அதற்குக் குறைவாகவோ இருப்பது, பென்சன் கிரெடிட், யூனிவர்சல் கிரெடிட் போன்ற வருமானம் பார்த்துத் தரப்படும் கொடுப்பனவு ஒன்றைப் பெறுவது, அல்லது குறிப்பிட்ட சில அஞ்சல் குறியீடுகளுக்குள் வீடு அமைந்திருப்பது. சுவர், கூரை, தரை ஆகியவற்றின் காப்பு வேலைகளுக்கும் சூரியத் தகடு போன்றவற்றுக்குமாக ஒரு வீட்டுக்கு 15,000 பவுண் வரையும், வெப்பப் பம்பி போன்ற புதிய சூடாக்கும் முறைக்கு மேலும் 15,000 பவுண் வரையும் செலவிட இடமுண்டு. சொந்த வீட்டில் இருப்பவர் தம் கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டியதில்லை. இது கடனும் அன்று. பணம் எவருடைய வங்கிக் கணக்குக்கும் வருவதில்லை. வேலை மட்டும் வீட்டில் நடக்கிறது. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் இருப்போருக்கு ‘வார்மர் ஹோம்ஸ் ஸ்கொட்லாந்து’, ‘நெஸ்ட்’ எனத் தனித்தனித் திட்டங்கள் உள்ளதால், அங்குள்ள சங்கங்கள் அவற்றைப் பார்க்க வேண்டும்.

“சும்மா ஆர் தருவினம்?” என்ற கேள்விக்கு இன்னொரு விடையும் உண்டு, என் மனதுக்கு அதுவே பெரிய விடை. ‘எக்கோ’ எனப்படும் திட்டம் 2013 முதல் பெரிய மின், எரிவாயு நிறுவனங்கள் மீது ஒரு கடப்பாட்டைச் சுமத்தியது: வசதி குறைந்தோரின் வீடுகளுக்கு அவை காப்பு வேலை செய்து கொடுக்க வேண்டும். அந்தச் செலவை நிறுவனங்கள் எல்லாருடைய பில்லிலும் சேர்த்தே அறவிட்டன. மீற்றருக்குப் பணம் போட்டுப் போட்டு எரித்த அந்த அம்மாவும் பத்தாண்டுக்கு மேலாக அதற்குப் பங்களித்திருக்கிறார். தாம் கட்டிய காசில் அயலவர்களின் கூரைகள் சூடாகும்போது அவருடைய கூரை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், எக்கோவை முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்துவிட்டார். இனிமேல் கவுன்சில் வழியாக வரும் அரச உதவியே நம்மவருக்கு முக்கியமான வழி. அதற்கும் முடிவுத் தேதி இருப்பதால்தான் இப்போது அவசரப்படுகிறேன்.

உங்களிடம் மறைக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. இலவச இன்சுலேசன் என்ற பெயரில் இந்நாட்டில் மிக மோசமான வேலைகளும் நடந்துள்ளன. தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2025 ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, எக்கோவின் நான்காம் கட்டத்திலும் அதனோடு நடந்த ‘கிரேட் பிரிட்டிஷ் இன்சுலேசன்’ திட்டத்திலும் வெளிச்சுவரில் காப்பு ஒட்டப்பட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் திருத்தியே ஆகவேண்டிய பெரும் குறைகள் இருந்தன. உட்சுவரில் செய்த வேலைகளில் அது 29 சதவீதம். இந்த எண்களை முதன்முதலில் வாசித்தபோது, என் பேச்சைக் கேட்டு விண்ணப்பித்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அப்படியொரு வீட்டை நேரிலும் பார்த்தேன். கடையில் நாள் முழுவதும் நின்று உழைத்து ஓய்வுபெற்ற ஒரு தம்பதியின் வீடு. கதவைத் தட்டிய ஒருவர் “கவுன்சில் அனுப்பியது” என்று சொல்ல, ஐயா அவர் நீட்டிய கருவியின் திரையில் விரலால் கையொப்பமிட்டார். இரண்டு வாரத்தில் வெளிச்சுவர்களில் தடித்த பலகைகளை ஒட்டிப் பூசி முடித்துவிட்டார்கள். தரைமட்டத்தில் காற்றுப் போய்வருவதற்கென்று வைத்திருந்த துளையுள்ள செங்கற்கள் பூச்சுக்குள் மறைந்துபோயின. ஜன்னல் விளிம்பை வெளியே நீட்டி அமைக்காததால், மழைநீர் வழிந்து பலகைக்கும் செங்கலுக்கும் நடுவே இறங்கியது. அடுத்த மாரிக்குள், அதுவரை குளிர்ந்தாலும் காய்ந்திருந்த சுவர் உள்ளே ஊறிவிட்டது. அந்த நிறுவனத்தின் தொலைபேசியை இன்று எவரும் எடுப்பதில்லை. கவுன்சிலுக்கும் அந்த மனிதருக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம்.

இங்கேதான் உங்களோடு எனக்கு ஒரு வழக்கு. அந்த ஐயா கதவைத் திறந்தவுடன் நம்பியதற்குக் காரணம், அதே துண்டுப்பிரசுரத்தைத் தேர்த் திருவிழாவில் ஒரு விளம்பரக் கூடாரத்தில் வாங்கியிருந்ததுதான். “கோயிலில் வைத்துக் கொடுத்தது பிழையாய் இருக்குமோ?” என்று அவர் என்னிடம் கேட்டார். கூடார வாடகை ஆலயத்துக்கு வேண்டியிருக்கிறது என்பதை அறிவேன். வந்தவர்களின் உள்நோக்கத்தை நிர்வாக சபை அறிந்திருக்க வழியில்லை என்பதையும் ஏற்கிறேன். ஆயினும் ஒரு கோபுரத்தின் நிழலில் நின்று விற்கப்படும் பொருளுக்கு அந்தக் கோபுரத்தின் பெயர் ஒட்டிக்கொள்கிறது. ஆகையால், வீட்டு வேலை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் விழா வளாகத்திலோ, சிறப்பு மலர் இதழ்களிலோ, ஆண்டுவிழா மேடைகளிலோ இனிமேல் இடம் தரவேண்டாம் என்று உங்களை வேண்டுகிறேன். அவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும் வேண்டாம். நல்ல வேலை செய்பவரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டியது கவுன்சிலின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவர்களிடமே விட்டுவைத்தால்தான் பிழை நேரும்போது கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கும்.

மோசமான வேலை நடந்திருக்கிறது என்பதற்காக, நம் முதியோரைக் குளிரிலேயே விட்டுவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. காப்பு வேலை ஒழுங்காக நடந்தால் எப்படியிருக்கும் என்பதை என் வீட்டிலேயே கண்டேன். வந்த மதிப்பீட்டாளர் ஒரு பெண். லொஃப்டை, அதாவது கூரைக்குக் கீழேயுள்ள பரணை, பார்ப்பதற்கு முன் குளியலறைக்குள் போய், காற்று வெளியேற்றும் விசிறியைப் போட்டுவிட்டு, அதன் முகப்பில் ஒரு மெல்லிய கடதாசியைப் பிடித்தார். கடதாசி ஒட்டாமல் கீழே விழுந்தது. “முதலில் இதை மாற்றிய பிறகே மற்றதெல்லாம்” என்றார். வீட்டில் எத்தனை பேர், எந்த அறையில் துணி காயப்போடுகிறோம், சோறு கொதிக்கும்போது ஜன்னலைத் திறப்போமா என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அரச பணத்தில் நடக்கும் இவ்வகை வேலைகளுக்கான பி.ஏ.எஸ். 2035 என்ற தரநெறியின் உயிரே இதுதான்: வீட்டை முழுதாகப் பார்க்க வேண்டும், காற்றோட்டத்தை உறுதிப்படுத்தாமல் சுவரை மூடக்கூடாது. பிறகு லொஃப்டில் இரண்டு அடுக்காகக் கனிமக் கம்பளி விரித்தார்கள். முதல் அடுக்கு மரச்சட்டங்களுக்கு இடையிலும் இரண்டாவது அவற்றுக்குக் குறுக்காகவும் போட, 270 மில்லிமீற்றர் தடிப்பு வந்தது. கூரையின் ஓரங்களில் காற்று நுழைய இடைவெளி விட்டார்கள். அந்த மாரியில், படுக்கையறைச் சுவரில் ஆண்டுதோறும் வழியும் நீர் வரவே இல்லை.

சுவர்கள் விடயத்தில் ஒரு சிறு அறிவு எல்லாருக்கும் இருந்தால், ஏமாறும் வாய்ப்புப் பாதியாகக் குறையும். ஈஸ்ட் ஹாம், வோல்தம்ஸ்ரோ, ரூட்டிங் போன்ற இடங்களில் நம்மவர் வாழும் பழைய வரிசை வீடுகளில் பெரும்பாலானவை இடைவெளியற்ற திண்சுவர்களால் ஆனவை; ஹரோ, வெம்பிளிப் பக்கத்தில் 1930களில் கட்டப்பட்டவற்றில் பலவற்றுக்கு இரண்டு சுவர்களும் நடுவே வெற்றிடமும் உண்டு. வெளியே நின்று செங்கற்களைப் பாருங்கள். எல்லாச் செங்கல்லும் நீளவாட்டில் ஒரே மாதிரித் தெரிந்தால் அநேகமாக இடைவெளிச் சுவர். நீளச் செங்கல்லும் குறுகிய செங்கல் முகமும் மாறிமாறித் தெரிந்தால் திண்சுவர். பூச்சு மறைத்திருந்தால் வாசற்கதவோரம் சுவரின் தடிப்பை அளக்கலாம். 26 சென்றிமீற்றருக்கு மேல் இருந்தால் நடுவே இடைவெளி இருக்கக்கூடும். இடைவெளிச் சுவரில் வெளியிலிருந்து துளையிட்டு உள்ளே காப்பை நிரப்புவது ஒரு நாள் வேலை. திண்சுவரில் பலகை ஒட்டுவது நாட்கணக்கில் நடக்கும் நுட்பமான வேலை. அதில்தான் பெரும் பிழைகள் நேர்ந்திருக்கின்றன. திண்சுவர் வீட்டுக்கு வந்து ஒருவர் அரைமணி நேரத்தில் கையொப்பம் கேட்டால், கதவைச் சாத்தலாம்.

நம் வீடுகளுக்கே உரிய வேறொரு தடையையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த பல வீடுகளில் விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின்னும் வேலை நின்றுபோனதற்குக் காரணம், லொஃப்ட் நிரம்பி வழிந்ததுதான். சாமத்தியச் சடங்குக்கு வாங்கிய பெரிய அண்டாக்கள், கொழும்பிலிருந்து வந்த நாளின் பயணப்பெட்டிகள், பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகங்கள், நவராத்திரிக் கொலுப்படி, ஊருக்கு அனுப்பக் கட்டிவைத்து அனுப்பாமல் போன துணிமூட்டைகள். அவற்றை இறக்க எழுபது வயதுக்காரரால் ஏணியில் ஏற முடியாது; பிள்ளைகளிடம் கேட்க மனமும் வராது. பிரித்தானிய அரசே சில ஆண்டுகளுக்கு முன் நடத்திய ஒரு சோதனையில், லொஃப்டைத் துப்புரவு செய்து கொடுக்கும் சேவையும் சேர்த்து வழங்கப்பட்டபோது, அதற்குத் தனியே பணம் கட்டவேண்டியிருந்தும் கூடுதலானோர் இன்சுலேசனுக்கு முன்வந்தார்கள். உங்கள் விளையாட்டு விழாக்களில் உதைபந்தாட்டம் ஆடும் இளைஞர்கள் நாலு பேர் ஒரு சனிக்கிழமை காலையைக் கொடுத்தால் ஒரு லொஃப்ட் வெறுமையாகிவிடும்.

வீடு வாடகைக்குக் கொடுக்கும் உறுப்பினர்களும் உங்கள் சபைகளில் இருக்கிறார்கள். சிலர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர் தகுதி பெற்றாலும் வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் ஒரு ஆணியும் அடிக்க முடியாது. இத்திட்டத்தில் வீட்டுக்காரரின் முதல் வீட்டுக்கான செலவை அரசே முழுதாக ஏற்கிறது. அடுத்த வீடுகளுக்கு அவர் பாதி கொடுக்க வேண்டும். ஈ தரத்துக்குக் கீழேயுள்ள வீட்டை விலக்கு எதுவும் இல்லாமல் வாடகைக்கு விடுவது 2020 ஏப்ரல் முதல் சட்டத்துக்கு முரணானது. தம் சொந்தச் சொத்தின் பெறுமதி உயரும் வேலையை அரசு செய்து தரும்போதும் சம்மதக் கடிதத்தில் கையொப்பமிட மறுத்தவர்களை நான் அறிவேன். வாடகைக்கு இருக்கும் குடும்பமும் பெரும்பாலும் தமிழ்க் குடும்பமே. நீங்கள் தனியே அழைத்துப் பேசினால் மறுப்பது அவர்களுக்கு எளிதாக இராது.

ரொச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இறந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சுவர்ப் பூஞ்சணம் அக்குழந்தையின் சுவாசத்தைக் கெடுத்தே உயிர் பிரிந்தது என்று மரண விசாரணை 2022இல் தீர்ப்பளித்தது. சூடானிலிருந்து வந்த அந்தப் பெற்றோர் முறையிட்டபோது, அவர்களுடைய வாழ்க்கை முறையே காரணம் என்று வீட்டு நிர்வாகம் தானாகவே முடிவு செய்திருந்தது. ஆபத்தான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் வீட்டு நிர்வாகம் குறித்த காலத்துக்குள் கவனிக்க வேண்டும் என்னும், அவாப்பின் பெயரிலான சட்டம் 2025 ஒக்டோபர் 27 முதல் கவுன்சில் வீடுகள் போன்ற சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்துள்ளது. “நீங்கள் அதிகம் சமைப்பதால்தான் ஈரம்” என்று நம் முதியோரிடமும் சொல்லப்படுவதை நான் பக்கத்தில் நின்றே கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அவர்கள் தலையாட்டிவிட்டு, மறுநாள் ஒரு கறியைக் குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காக உரிய ஆங்கிலத்தில் பதில் சொல்ல ஒருவர் அருகில் வேண்டும்.

அதனால் உங்களிடம் கேட்பது பெரிய செலவல்ல. ஒக்டோபர் முதல் மார்ச் வரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உங்கள் மண்டபத்தில் ஒரு மேசையும் இரண்டு கணினியும் தாருங்கள். அஞ்சல் குறியீட்டைப் போட்டு அரச தளத்தில் வீட்டின் ஈ.பீ.சீ. தரத்தைப் பார்ப்பது சில நிமிட வேலை. பென்சன் கிரெடிட்டுக்குத் தகுதியிருந்தும் கேளாதவர்களையும் அந்த மேசையிலேயே கண்டுபிடித்துவிடலாம். விண்ணப்பம் நேரடியாகக் கவுன்சிலுக்கே போக வேண்டும், நடுவில் எந்த முகவரும் இருக்கக்கூடாது. மதிப்பீட்டாளர் வரும் நாளிலும் வேலை முடிந்து பார்வையிடும் நாளிலும் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் அந்த வீட்டில் இருக்கும்படி ஒழுங்கு செய்யுங்கள். வேலை செய்பவரின் பெயர், அரசு அங்கீகரித்த தர அமைப்பான ட்ரஸ்ட்மார்க்கின் பதிவேட்டில் இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். உத்தரவாதப் பத்திரத்தின் பிரதியொன்று சங்கத்தின் கோப்பிலும் இருக்கட்டும். ஏற்கெனவே கெட்டுப்போன வேலையால் தவிப்பவர்களின் விபரங்களைச் சேர்த்தால், தனித்தனியே முறையிட்டுக் களைத்தவர்கள் முப்பது பேராக ஒரே கடிதத்தில் கையொப்பமிடலாம். கடிதங்களைத் தமிழிலும் அனுப்புங்கள் என்று கவுன்சிலைக் கேட்கவும் அந்த முப்பது பேரால் முடியும்.

ஊரில் நாம் படித்த பள்ளிக்கூடங்களுக்கு ஓடு மாற்றவும் கட்டடம் எழுப்பவும் ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் பணம் திரட்டுகிறீர்கள். அந்த நிதிக்கு ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் இருபது பவுண் கொடுத்தவர்களில் ஒருவர்தான் கூறைச்சேலையை மடியில் வைத்திருந்த அந்த அம்மா. பற்றுச்சீட்டுகளையெல்லாம் ஒரு பழைய பிஸ்கற் ரின்னுக்குள் அடுக்கி வைத்திருக்கிறார். கவுன்சில் கடிதம் இருந்த அதே இழுப்பறையில்தான் அந்த ரின்னும் இருந்தது. பங்குனியில் அவருடைய விண்ணப்பத்தை அனுப்பினோம். சித்திரை பிறந்த பிறகு மதிப்பீட்டாளர் வந்தபோது நானும் கூட இருந்தேன். லொஃப்டுக்கும் பின்சுவரின் உட்பக்கத்துக்கும் காப்பும், சமையலறைக்குப் புதிய விசிறியும் ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளன. வேலை தொடங்கும் தேதியை எதிர்பார்த்திருக்கிறோம்.

உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனையும் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்த மண்டபம், எந்தச் சனிக்கிழமை என்று அறிவித்தால், அளவு நாடாவும் வெப்பமானியும் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு வந்துவிடுகிறேன்.

இங்ஙனம்,
கிழக்கு இலண்டனிலிருந்து உங்கள் சபைகளின் உறுப்பினர் ஒருவர்